கொல்லை என்று சொன்னார்

பிப்ரவரி 26

மாமா எப்போது கஞ்சி குடித்தார், எவ்வளவு குடித்தார், யூரின் பையை எப்போது மாற்றினேன் என்று எழுதி வைக்கச் சொல்லி நர்ஸ் இந்த டைரியைக் கொடுத்தாள். ஏதோ மருந்துக் கம்பெனி டைரி. அதற்கெல்லாம் நாளுக்கு இரண்டு வரி போதும். மீதிப் பக்கம் காலியாகக் கிடப்பதைப் பார்த்தால் என்னவோ போல இருக்கிறது.

காலையில் அரை டம்ளர் கஞ்சி. மத்தியானம் துப்பிவிட்டார். முதுகுப் புண்ணுக்குப் பவுடர் போட்டேன். போர்வை இரண்டு, வேட்டி இரண்டு, பழைய புடவைத் துண்டுகள், எல்லாம் துவைத்தாயிற்று.

பம்புசெட் பாசியில் வழுக்கி விழுந்து மாமாவின் இடுப்பு எலும்பு போனது பொங்கலுக்கு முன்னால். இதயம் தாங்காது, ஆபரேஷன் வேண்டாம், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டில் என்றால் நான். இவருக்கு, என் வீட்டுக்காரருக்கு, பண்ருட்டியில் மோட்டார் வைண்டிங் கடை. காலையில் போனால் இருட்டித்தான் வருகிறார். குறை சொல்லக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை மாமாவைக் குழந்தை மாதிரித் தூக்கிக் குளிப்பாட்டுவது இவர்தான்.

என் நாத்தனார் விருத்தாம்பாள் சாயங்காலம் கொல்லையிலிருந்து வந்தாள். அப்பாவின் காலருகில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். போய்விட்டாள். பெட்பேன் எனக்கு, விரல் அவளுக்கு.

கொல்லை என்று எழுதும்போதே ஒன்று நினைவுக்கு வருகிறது. கல்யாணமாகி வந்த மறுநாள் காலை என் மாமியார், “நான் கொல்லைக்குப் போயிட்டு வரேன், நீ ஒல வச்சிடு” என்றார். எங்கள் மாயவரம் பக்கம் கொல்லை என்றால் வீட்டுக்குப் பின்னால் கிணற்றடி. கொல்லைக்குப் போவது என்றால் அது வேறு காரியம். உலையை வைத்துவிட்டு, கை கழுவ ஒரு சொம்பில் தண்ணீரும் எடுத்துக்கொண்டு பின்வாசலில் நின்றேன். உலை கொதித்து அடங்கிவிட்டது, ஆளைக் காணோம். வயிற்றுக்கு என்னவோ ஏதோ என்று பயந்து மாமாவிடம் போய்ச் சொன்னேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாமியார் வெயில் ஏறின பிறகு தலையில் முந்திரிக்கொட்டைச் சாக்கோடு வந்தார். இங்கே கொல்லை என்றால் ஊருக்கு வெளியே செம்மண்ணில் கிடக்கிற மேட்டு நிலம், வெள்ளாமை வைக்கிற இடம். அப்புறம் வருஷக்கணக்காக மாமா என்னிடம், “ஒங்கூருக் கொல்லயா, எங்கூருக் கொல்லயா?” என்று கேட்டுச் சிரிப்பார்.

இப்போது சிரித்தால் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்கிறது.

மார்ச் 1

மூன்று முறை துணி மாற்றினேன். வெயில்.

மார்ச் 4

ஞாயிறு. குளிப்பாட்டிப் படுக்க வைத்த பிறகு இவர் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு கொல்லைப் பக்கம் போய் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு போன். பைபாஸ் அந்த வழியாக வரப் போகிறதாம். முந்திரியை எடுத்துவிட்டு மனை போட்டால் நன்றாகப் போகுமாம். அப்பா இருக்கும்போது பேச வேண்டாம், அப்புறம் பார்க்கலாம் என்று இவர் சொன்னது என் காதில் விழுந்தது.

இரவுச் சாப்பாட்டில் என்னிடம் சொன்னார். “தையலு, பண்ருட்டியில கடைக்குப் பின் தெருவுல ஒரு வூடு வருது. மாடி. உள்ளயே பாத்ரூம், நாள் பூரா தண்ணி. மூணு நடை மாடிப்படி ஏறி எறங்குனா ஒனக்கு வேற வேல இல்ல.”

“விருத்தா?”

“அவளுக்கு என்னா, இந்த வூடு இருக்குதுல்ல.”

எங்கள் பொண்ணு சிதம்பரத்தில் ஹாஸ்டலில் இருக்கிறாள், லீவுக்கு வந்தால் அவளுக்கும் வசதி. மாடி வீட்டில் துணி சீக்கிரம் காயும்.

மார்ச் 8

விருத்தாம்பாளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கோபமாகத்தான் வருகிறது. அது நியாயமில்லை என்றும் தெரிகிறது.

அவள் புருஷன் சேலத்தில் இன்னொருத்தியோடு இருந்துவிட்டான். பிள்ளை இல்லை. தானே புயலுக்கு முந்தின வருஷம் ஒரு பையோடு வந்து இறங்கினாள். நான் அப்போது பொண்ணின் பள்ளிக்கூடத்துக்காகப் பண்ருட்டியில் வாடகை வீட்டில் இருந்தேன். புயலில் இந்தப் பக்கம் ஒரு முந்திரி மரம் மிச்சமில்லை. மாமியார் அந்த அதிர்ச்சியிலேயே படுத்தார், எழுந்திருக்கவில்லை. இவர் அப்பாவிடம், “வுட்டுடுப்பா, தரிசா கெடக்கட்டும்” என்றார். அப்பாவும் பெண்ணும்தான் கேட்கவில்லை. விழுந்த மரத்தை அறுத்து, வேரைத் தோண்டி, குழி எடுத்து, கன்று வைத்து, குடத்தில் சுமந்து ஊற்றினார்கள். கொல்லையிலேயே ஒரு கொட்டகை போட்டு அவள் தங்கிவிட்டாள். நான் திரும்பி வந்தபோது கன்றுகள் என் இடுப்பு உயரம்.

அவள் கையைப் பார்த்தால் முந்திரி எண்ணெய் பட்டுத் தோல் உரிந்து உரிந்து வந்திருக்கும். அந்தக் கையோடு பெட்பேன் எடு என்று நான் எப்படிச் சொல்வது?

சொல்லியிருக்கலாம்.

மார்ச் 12

காய்ச்சல். டாக்டர் வீட்டுக்கு வந்து பார்த்தார். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறதாம். “சொந்தக்காரங்களுக்குச் சொல்லிடுங்க” என்றார். கஞ்சி மூன்று ஸ்பூன். குடித்தாரா, ஓரமாக வழிந்துவிட்டதா, தெரியவில்லை. நின்றுகொண்டே தூங்கியிருக்கிறேன்.

மார்ச் 17

மாமா போய்விட்டார். பிற்பகலில்.

காலையில் நல்ல நினைவோடுதான் இருந்தார். இவர் மருந்து வாங்கப் போயிருந்தார், விருத்தாம்பாள் இன்னும் வரவில்லை. நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். ஸ்பூனைக் கையால் தள்ளிவிட்டு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். குழறலாகத்தான், ஆனால் புரிந்தது. “கொல்லைய விருத்தாம்பாளுக்கு வுட்டுடச் சொல்லு” என்றார். சரி மாமா என்றேன். வாயைத் துடைத்துவிட்டேன்.

பிறகு பேசவில்லை. விருத்தாம்பாள் வந்தபோது மூச்சு மட்டும்தான் இருந்தது.

மார்ச் 19

ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். காபி போட்டுப் போட்டு அடுப்படியை விட்டு நகரவில்லை. மாமாவின் தம்பி வேணு சின்ன மாமா விருத்தாசலத்திலிருந்து வந்து தங்கியிருக்கிறார். தமிழ் வாத்தியாராக இருந்து ரிட்டையர் ஆனவர். யாரிடமும் அதிகம் பேசாமல் பேப்பர் படிக்கிறார்.

சாயங்காலம் கிணற்றடியில் பாத்திரம் தேய்க்கும்போது இவர் வந்து பக்கத்தில் குந்தினார். “அப்பா கடசியா எதனா சொன்னாரா?”

சொன்னேன்.

இவர் துணி துவைக்கிற கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “ஒங்கூர்ல கொல்லன்னா என்னா?” என்றார்.

“ஏங்க, உங்களுக்குத் தெரியாதா? வீட்டுக்குப் பின்னாடி.”

“இப்ப நாம குந்தியிருக்கிற எடம்.”

“ஆமா.”

“அப்பா ஒங்கிட்டப் பேசும்போது ஒங்கூருப் பேச்சுதான் பேசுவாரு. கேலிக்குன்னாலும் அதான் பேசுவாரு. கெணத்தோட இந்தப் பின்பக்கத்த விருத்தாவுக்கு வுடச் சொல்லியிருக்காரு. நீ அப்படித்தான கேட்ட?”

நான் தேய்த்துக்கொண்டிருந்த குண்டானைக் கவிழ்த்து வைத்தேன்.

“சட்டப்படி பாத்தா அவளுக்கும் பாதி இருக்கு தையலு. ஆனா அவ, அப்பா என்னா சொன்னாரோ அதுக்குக் கையெழுத்துப் போடறேன்னுட்டா. ஒன்னும் அநியாயம் இல்ல. அவளுக்கு ஒரு ரூம் போட்டுக் குடுத்துடலாம், நல்ல ரூமா. வெயில்ல கெடந்து சாவ வேணாம்.” இவர் குரலில் கெஞ்சலும் இருந்தது. கண்ணைச் சுற்றிக் கறுத்துவிட்டது. இவரும் பல நாளாகத் தூங்கவில்லை.

உள்ளேயிருந்து யாரோ சர்க்கரை எங்கே என்று கேட்டார்கள். எழுந்து போய்விட்டேன்.

மார்ச் 20

பால் தீர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டில் வாங்கினேன். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. கேட்டால்தானே சொல்ல வேண்டும்.

மார்ச் 23

விருத்தாம்பாள் மூன்றாம் நாளே கொல்லைக்குப் போய்விட்டாள் என்று உறவுக்காரப் பெண்கள் வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கிறார்கள். பழம் உதிர்கிற நேரம். ஒரு நாள் விட்டால் ஆடும் அணிலும் மிச்சம் வைக்காது, தூறல் விழுந்தால் கொட்டை கறுத்துப் போகும். சாவு வீடென்று மரத்துக்குத் தெரியுமா?

அவளுக்குச் சோறு எடுத்துக்கொண்டு நானே போனேன். கொல்லையைப் பார்த்து இரண்டு வருஷமிருக்கும். மரங்கள் தலைக்கு மேல் குடை பிடித்து நிற்கின்றன. அடியில் சருகு, பழுத்து விழுந்த பழங்களின் புளிச்ச வாடை. அவள் குனிந்தபடியே பழத்தைத் திருகிக் கொட்டையைக் கூடையில் போட்டுக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. “நெழல்ல ஒக்காரு அண்ணி” என்றாள்.

சாப்பிடும்போது தானாகவே பேசினாள்.

“கொல்லன்னு ஏன் பேரு வந்துச்சி தெரியுமா? அப்பா சொல்லும். காட்ட கொன்னு பண்ணுன எடம், அதான் கொல்லயாம். அப்பாவோட தாத்தா இங்க முள்ளக் கொன்னாராம். புயல் அடிச்சப்ப நானும் அப்பாவும் இங்க வந்து நிக்கிறோம். ஒரு மரம் இல்ல. எல்லாம் மல்லாந்து கெடக்குது. நான் அழுவுறேன். அப்பா என்னா சொல்லுது தெரியுமா? ‘இந்த வாட்டி காத்து கொன்னுட்டுது பாப்பா, அப்ப இது காத்தோட கொல்ல. நாம மறுபடி கன்னு வச்சாத்தான் நம்முது’ன்னுது.” சிரித்தாள். பிறகு புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அது சரியான அர்த்தமா என்று தெரியவில்லை. எங்கள் ஊரில் யாரும் எதையும் கொல்லவில்லை, ஆனாலும் கிணற்றடிக்குக் கொல்லை என்றுதான் பெயர்.

பாத்திரத்தைக் கழுவிக் கொடுக்கும்போது கேட்டாள். “அப்பா எனக்குன்னு எதனா சொன்னிச்சா அண்ணி?”

“உன் பேரைச் சொன்னார்” என்றேன்.

பொய் இல்லை. அதற்கு மேல் சொல்ல வேண்டியவர் அவள் அண்ணன்தான். இடையில் புகுந்து நான் ஏன் பேச வேண்டும்? திரும்பி வரும்போது செருப்பு வார் அறுந்து, செம்மண் சூட்டில் வெறுங்காலோடு நடந்து வந்தேன்.

மார்ச் 28

இடுப்பு வலி. மாமாவின் கட்டிலில் இன்னும் மருந்து வாடை. மெத்தையை எடுத்து எரித்துவிட்டார்கள், கட்டில் சும்மா கிடக்கிறது. அந்தப் பக்கம் போனால் பழக்கத்தில் கை போர்வையைத் தேடுகிறது. பண்ருட்டி வீட்டுக்காரர் அட்வான்ஸ் கேட்கிறாராம்.

ஏப்ரல் 1

கருமாதி முடிந்தது. நடந்ததை எழுதிவிடுகிறேன். உடம்பெல்லாம் வலிக்கிறது, ஆனால் எழுதிவிடுகிறேன்.

பந்தி முடிந்து, வெளியூர்க்காரர்கள் கிளம்பின பிறகு கூடத்தில் நாங்கள்தான் மிச்சம். வேணு சின்ன மாமா, இவர், விருத்தாம்பாள், நான், சமையல் பாத்திரத்துக்காகக் காத்திருந்த ஒன்றிரண்டு பேர். சின்ன மாமாதான் ஆரம்பித்தார். “நான் நாளைக்கிப் போறேன். அதுக்குள்ள பேசிக்கிறதுன்னா பேசிக்கிங்க. தையலு, கடசியில பக்கத்துல இருந்தது நீ. அண்ணன் என்னா சொன்னாரு?”

“கொல்லைய விருத்தாம்பாளுக்கு விட்டுடச் சொன்னார்.”

விருத்தாம்பாள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

இவர் அவசரமில்லாமல் பேசினார். “இவ மாயவரத்துக்காரி சித்தப்பா. இவகிட்ட கொல்லன்னு சொன்னா வூட்டுக்குப் பின்னால. அப்பாவுக்கு அது நல்லாத் தெரியும். அந்த எடத்தத்தான் சொல்லியிருக்காரு. நான் குடுத்துடறேன். ரூமும் கட்டித் தரேன்.”

“கொல்லங்கிறது பழைய தமிழ்ல மேட்டு நெலத்து வெள்ளாமைக்குத்தான்டா பேரு” என்றார் சின்ன மாமா. “வூட்டுப் பின்பக்கத்துக்கு அது அப்புறமா வந்திருக்கணும்.”

“அப்பா பழைய தமிழ்லயா சித்தப்பா செத்தாரு?”

யாரோ சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். சின்ன மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அதுவும் சரிதான். காட்ட கொன்னதுன்னு எங்கப்பா சொல்வாரு. அது நெசமா, சும்மா சொல்றதான்னு நாப்பது வருஷம் பாடம் நடத்துன எனக்கே தெரியல. வார்த்தைய வச்சிக்கிட்டு ஒன்னும் பண்ண முடியாது. ஏம்மா, நீ கேட்டவ. ஒனக்கு என்னான்னு பட்டுது?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இவர் என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த துண்டை மடித்துக்கொண்டிருந்தார், மடித்ததையே மறுபடி மடித்தார். வீட்டுப் பின்பக்கம்தான் மாமா என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாயைத் திறந்தால் முடிந்துவிடும். அடுத்த மாதம் மாடிக்குப் போய்விடலாம். ஆனால் சொன்ன பிறகு தினமும் அதைக் காப்பாற்ற வேண்டும். விருத்தாம்பாள் பின்வாசலில் ரூம் போட்டு உட்கார்ந்திருப்பாள், நான் வந்து போகும்போதெல்லாம் அதையே மறுபடி மறுபடி சொன்ன மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு மனுஷரைத் தூக்கித் திருப்பி, துடைத்து, துவைத்து, எனக்கு இனிமேல் எதையும் சுமக்கத் தெம்பில்லை. நல்லவள் என்பதால் அல்ல. முடியாததால் சொன்னேன்.

“முந்திரிக் கொல்லைதான் மாமா. அவர் இன்னொன்னும் சொன்னார். ‘அது அவ வச்ச மரம்’னார்.”

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு மரம் கிடையாது. கிணறும் துவைக்கிற கல்லும்தான்.

இவர் எழுந்து வெளியே போனார். செருப்பு போடவில்லை. விருத்தாம்பாள் சுவரில் சாய்ந்தபடி உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன மாமாதான், “சரி. அதுதான் அண்ணன் பேச்சு” என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

மார்ச் 17-ஆம் தேதியைத் திருப்பிப் பார்த்தேன். மாமா சொன்னதில் முதல் வாக்கியம் மட்டும்தான் இருக்கிறது. இரண்டாவதை ஏன் எழுதவில்லை என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அன்று அலுப்பு, மறந்துவிட்டேன் என்று பதில் வந்தது. அதை நானே நம்பவில்லை.

ஏப்ரல் 3

இவர் கடையிலேயே சாப்பிடுகிறார். தோசை மாவு புளித்துவிட்டது. பகலில் படுத்தேன், விழித்தபோது விளக்கு வைக்கிற நேரம்.

ஏப்ரல் 11

இன்று இவர் வீட்டில் சாப்பிட்டார். ரசம் கேட்டார். “நீ எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்” என்றார். “சொல்லியிருந்தா?” என்றேன். கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். “தெரியல” என்றார். அதுவாவது உண்மையாக வந்தது. பண்ருட்டி வீட்டை வேறு யாரோ பிடித்துவிட்டார்களாம்.

ஏப்ரல் 20

ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போய் வந்தோம். இவர் கொல்லையை விருத்தாம்பாள் பெயருக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டார். இந்த வீட்டில் அவள் பங்கை இவருக்கு விட்டுக்கொடுத்தாள். எல்லாம் அரை மணி நேரம். வெளியே வந்து மூவரும் கரும்புச்சாறு குடித்தோம். அண்ணனும் தங்கையும் ஐஸ் அதிகமா, கம்மியா என்பது வரைக்கும்தான் பேசிக்கொண்டார்கள். இவர் அப்படியே கடைக்குப் போய்விட்டார். நாங்கள் இரண்டு பேரும் பஸ் ஏறி வந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் விருத்தாம்பாள், “அப்பா கட்டில நான் எடுத்துக்கட்டுமா அண்ணி?” என்றாள். எடுத்துக்கொள் என்றேன். டெம்போவுக்குச் சொல்லலாம் என்றதற்குக் கேட்கவில்லை. ரெண்டு பேர் போதும் என்றாள். வெயில் தாழ்ந்ததும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு கிளம்பினோம். பழைய காலத்துப் பூவரச மரக் கட்டில். பாலம் வரைக்கும்தான் என்னால் முடிந்தது. இறக்கி வைத்து, சாலை ஓரமாகவே அதன் மேல் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். போகிற பஸ்ஸிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவள் என் பக்கம் திரும்பாமல் கேட்டாள்.

“அன்னிக்குக் கொல்லையில நான் கேட்டப்பவே ஏன் அண்ணி சொல்லல?”

நன்றி சொல்வாள் என்று நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. அவள் கேட்ட பிறகுதான் அது எனக்கே தெரிந்தது. என்னென்னவோ காரணம் நாக்கு வரை வந்தது. உன் அண்ணன், பொண்ணு, வீடு. எல்லாம் உண்மைதான். ஒன்றுகூட வெளியே வரவில்லை.

“எனக்கு இங்க அலுத்துப் போச்சு விருத்தா” என்றேன். “எங்கயாவது போயிடலாம்னு இருந்துச்சு.”

அவள் பரவாயில்லை என்று சொல்லவில்லை. ஒரு லாரி போனது, புழுதி அடங்கும் வரைக்கும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தோம். பிறகு எழுந்தாள். நான் தூக்கி வந்த பக்கத்துக்கு வந்து நின்றாள்.

“தலமாட்டுப் பக்கம்தான் கனம். நீ கால் பக்கம் போ.”